கடைசி இரண்டு பக்கம்

தன் வாழ்க்கைக் கதைப் புத்தகத்தில் தான் சொன்ன ஒரு பகுதி ஏன் இல்லை என்று அந்த அம்மா கேட்டதற்கு, "இடம் பத்தலைங்க" என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. அந்த அம்மா பதில் சொல்லாமல் புத்தகத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, கடைசித் தாளைப் பிரித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் வெற்று. நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். எங்கள் விஷயம் 26-இல் முடிந்ததால் பிரிண்ட் கடைக்காரர் 28 ஆக்கிக் கொடுத்திருந்தார். வழவழவென்றிருந்த அந்த வெள்ளைத் தாளை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "ம்" என்றார். பிறகு டிவியைப் போடச் சொன்னார்.

இது நடந்தது 2018-இல், அவருடைய 90-வது பிறந்தநாளுக்கு மறுநாள். அந்த "ம்" இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. பாட்டு, பிங்கோ, காகிதப்பூ இதெல்லாம் போக, குடும்பத்தார் கேட்டால் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசி, பழைய படங்களைச் சேர்த்து வாழ்க்கைக் கதைப் புத்தகம் ஒன்றும் செய்து தருவோம். குடும்பத்தில் பணம் கட்டுகிறவர் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அது அச்சுக்குப் போகும். அப்படி ஒரு வழக்கம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதன் பின்னால்தான் நான் முதலில் ஒளிந்துகொண்டேன்.

ஆறு புதன்கிழமை அவரோடு உட்கார்ந்து போனில் பதிவு செய்தேன். கல்லூரியில் இரண்டு வருடம் கணிதம் படித்தவர். 1948-இல், இருபது வயதில் கல்யாணம். அந்தக் காலத்து அமெரிக்காவில் அது அவசரக் கல்யாணமும் இல்லை. மணப்பெண்களில் பாதிப்பேர் ஏறக்குறைய அந்த வயதுக்குள் கல்யாணம் முடித்தவர்கள்தான். கணவர் போரிலிருந்து திரும்பியவர், அரசாங்கம் கொடுத்த படைவீரர் படிப்புச் சலுகையில் கல்லூரியில் சேர்ந்திருந்தார். இரண்டு பேரும் படித்தால் வாடகை யார் கட்டுவது? இவர் படிப்பை நிறுத்திவிட்டு டைப்பிஸ்ட் வேலைக்குப் போனார். முதல் குழந்தை வயிற்றில் தங்கியதும் அதையும் விட்டார்.

1950-இல் லெவிட்டவுனுக்குக் குடிபோனார்கள். உருளைக்கிழங்கு வயலாக இருந்த இடத்தில் 1947-இலிருந்து நான்கைந்து வருடத்துக்குள் 17,000-க்கும் மேல் வீடுகள் எழுந்த ஊர் அது. அந்த வருடத்து வீடுகளில் மாடிப்படிச் சுவரிலேயே டிவியைப் பதித்திருந்தார்கள். சமையலறையில் பெண்டிக்ஸ் வாஷிங் மெஷின். ஊருக்குச் சட்டதிட்டம் வேறு இருந்தது. வாரம் தவறாமல் புல் வெட்ட வேண்டும், வேலி போடக் கூடாது, வார விடுமுறையில் துணி காயப்போடக் கூடாது. கறுப்பின மக்களுக்கு அங்கே வீடு கிடையாது, ஆரம்பத்து ஒப்பந்தங்களிலேயே அப்படி எழுதியிருந்தார்கள். அந்த அம்மா எதையும் புகாராகச் சொல்லவில்லை. "ரொம்ப நல்ல வீடு, ஹனி. அதனாலதான் என்ன குறைன்னு யார்கிட்டயும் சொல்ல முடியல" என்றார்.

நான்காவது புதன்கிழமைதான் அந்தப் பிப்ரவரி வியாழக்கிழமையைச் சொன்னார். வருடம் 1962. பிள்ளைகள் நான்கு பேரில் பெரியவர்கள் மூவரும் பள்ளிக்கூடத்தில். கடைசிக்கு எட்டு மாதம். குடும்பத்துக்கு ஒரே கார். தினமும் காலையில் கணவரை ஹிக்ஸ்வில் ரயிலடியில் இறக்கிவிட்டு வருவது இவர் வேலை. அன்றும் இறக்கிவிட்டு வந்தார், பெரிய பிள்ளைகளை அனுப்பினார், சின்னதுக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டார். கதவைச் சாத்திக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்து கிழக்குப் பக்கமாக ஓட்ட ஆரம்பித்துவிட்டார். எங்கே என்று திட்டமில்லை. ஸ்மித்டவுன் காளைச் சிலைக்குப் பக்கத்தில் பெட்ரோல் முள் அடியில் போய் நின்றது. பர்ஸில் நாற்பது சென்ட். வீட்டுச் செலவுப் பணம் கைக்கு வருவது வெள்ளிக்கிழமைதான். அந்த நாற்பது சென்டுக்கு ஒரு காலன் சொச்சம் கிடைத்தது. டேங்கில் மிச்சம் இருந்ததோடு சேர்த்தால் வீடு வரைக்கும் போகும். அதற்கு மேலே எங்கேயும் போகாது.

"நான் திரும்பி வந்தது பாசத்தால இல்ல. அந்தப் பெட்ரோலுக்கு வீடுதான் எட்டுச்சு."

ரெக்கார்டர் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தார். "இதை எழுது. வார்த்தைய மாத்தாத" என்றார்.

எழுதினேன், அப்படியே எழுதினேன். இது உண்மை, இதையும் சொல்லிவிட வேண்டும் எனக்கு.

வரைவைப் படித்துவிட்டு மகள் போன் செய்தார். பதின்மூன்றாம் பக்கத்தை எடுக்க வேண்டும் என்றார். உங்கள் அம்மா மாற்றவே கூடாது என்று சொன்ன இடம் அது என்றேன். போனின் மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அந்தத் தொட்டில்ல இருந்தது நான்தான்" என்றார்.

அதற்கு மேல் நான் என்ன வாதாடுவது? ஐம்பத்தேழாவது வயதில், தன் செலவில் அச்சடிக்கும் புத்தகத்தில், உறவுக்காரர்கள் எல்லாம் கேக் சாப்பிட்டுக்கொண்டே புரட்டப்போகும் பக்கத்தில், அம்மா தனக்காகத் திரும்பி வரவில்லை என்று அவர் படிக்க வேண்டுமா? வேண்டாம் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் பாதி மனது அப்படியே சொல்கிறது. ஒருவரின் உண்மை இன்னொருவரின் தொட்டிலைத் தொடும்போது, சம்பளத்துக்கு எழுதுகிற மூன்றாம் ஆளுக்கு அதில் என்ன உரிமை?

வெறுமனே வெட்டி எடுத்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. அந்த இடத்தில் நானாக ஒரு வாக்கியம் போட்டேன். "நான்கு சிறு பிள்ளைகளோடு அந்த நாட்கள் சற்றே களைப்பாகவும், ஆனால் நிறைவாகவும் கழிந்தன." நிறைவாக என்று அவர் எந்தப் புதன்கிழமையும் சொல்லவில்லை. அந்த வார்த்தையை நான் போட்டேன். மகள் கேட்கவும் இல்லை.

பிறந்தநாள் முடிந்த பிறகு நூலகத்திலிருந்து, பெண்ணுரிமைக்காக எழுதிய அமெரிக்க எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடனின் புத்தகத்தை எடுத்து வந்து படித்தேன். 1963-இல் வந்த "தி ஃபெமினின் மிஸ்டிக்". அந்த அம்மாவும் அதைப் பற்றிச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்தாராம், முதல் அத்தியாயத்தோடு மூடி வைத்துவிட்டாராம். அந்த அத்தியாயத்தில் வீட்டு வேலை எல்லாம் முடித்து ராத்திரி கணவன் பக்கத்தில் படுத்திருக்கும் ஒருத்தி, "இவ்வளவுதானா?" என்று தனக்குள்ளேகூடக் கேட்கப் பயப்படுகிறாள். ஃப்ரீடன் அதற்குப் பெயரில்லாத பிரச்சினை என்று பெயர் வைத்தார். ஏன் மேலே படிக்கவில்லை என்று நான் கேட்டதற்கு, "அதுவரைக்கும் எனக்கு மட்டும்தான்னு நெனச்சிருந்தேன். எல்லாருக்கும்னா அப்புறம் ஏதாவது செய்யணுமே" என்றார்.

அந்தப் புத்தகம் பிறந்த கதைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. 1957-இல் தன்னோடு ஸ்மித் கல்லூரியில் படித்த பெண்களிடம், படிப்பு முடிந்து பதினைந்து வருடம் ஆன நிலையில், ஒரு கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்குகிறார் ஃப்ரீடன். வந்த பதில்களை வைத்துக் கட்டுரை எழுதிப் பெண்கள் பத்திரிகைகளுக்கு அனுப்புகிறார். ஒன்று வேண்டாம் என்றது. லேடீஸ் ஹோம் ஜர்னல் வாங்கிக்கொண்டு, அவர் சொன்னதற்கு நேர்மாறான அர்த்தம் வரும்படி திருத்தி எழுதியது. அவர் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்கு அப்புறம்தான் புத்தகமாகவே எழுதுவது என்று உட்கார்ந்தார்.

இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து திருத்தியவரும் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். படிக்கிற பெண்கள் மனசு நோகக் கூடாது என்றுகூட நினைத்திருக்கலாம். "நிறைவாகவும்" என்று அவரும் எங்கேயோ ஒரு வார்த்தை போட்டிருப்பார்.

இதை ஜமைக்காவிலிருந்து வந்த ஒரு சக ஊழியரிடம் சொன்னேன். பெரியவர்களைக் குளிப்பாட்டி உடை மாற்றுகிற எய்ட் வேலை அவருக்கு, இருபது வருட அனுபவம். கேட்டுவிட்டு, "எங்கம்மா ஒருநாளாவது வேலைக்குப் போகாம எங்களோட வீட்ல இருக்கணும்னு ஏங்கினவ. அவ கஷ்டத்துக்கு யாரு புத்தகம் போட்டா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, போர்வையை மடித்துக்கொண்டேதான் சொன்னார். கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் 1984-இலேயே எழுதினார்: இந்தப் பெண்கள் வீட்டை விட்டு வேலைக்குக் கிளம்பினால், அவர்களுடைய வீட்டையும் குழந்தையையும் பார்க்க வருவது யார்? ஃப்ரீடன் அதைச் சொல்லவில்லையே என்று. நியாயமான கேள்வி. எங்கள் இல்லத்திலேயே பதில் நடமாடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அந்த நாற்பது சென்ட் வியாழக்கிழமை இதனால் சின்னதாகிவிடுகிறதா? ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு கஷ்டத்தை வைத்து இன்னொரு கஷ்டத்தை அளக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு ஏன் இது இவ்வளவு உறுத்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2009-இல் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் மனைவியாக, வந்தவள் நான். ஊரில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இங்கே கணவருக்கு வேலை உண்டு, எனக்கு அனுமதி இல்லை. 2015-இல் எங்களைப் போல ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கொடுத்தார்கள். அது வரைக்கும் அதே ஹிக்ஸ்வில்லில் ஒரு அபார்ட்மென்ட். நல்ல வீடுதான். பாத்திரம் கழுவ மெஷின், துணி துவைக்க மெஷின். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்பார்கள், "ஒனக்கென்னடி கொறச்சல்?" ஒன்றுமில்லம்மா என்பேன். அதனால் அந்த அம்மா பெட்ரோல் முள்ளைப் பற்றிச் சொன்னபோது எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. தெரிந்தவளே மாற்றி எழுதினேன். தெரியாத ஒருத்தி எழுதியிருந்தால்கூட மன்னிக்கலாம்.

ஆனால் மகளையும் நினைத்துப் பார்க்கிறேன். அவர் ஒரு வங்கியில் கடன் பிரிவில் முப்பது வருடமாக இருப்பவர். 1972-இல் அவருடைய அம்மா ஒரு கடையில் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தபோது, கணவர் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த அம்மா அப்போது தெருவில் பாதிப் பேருக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். 1974-இல்தான் அது கூடாது என்று சட்டம் வந்தது. பெண்ணென்றும் மனைவியென்றும் சொல்லிக் கடன் மறுக்க முடியாது என்றானது. 1964-இல் வேலையில் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் வந்தும், அமல்படுத்த வேண்டியவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் 1966-இல் ஃப்ரீடனும் மற்றவர்களும் சேர்ந்து தேசியப் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். 1970 ஆகஸ்ட் 26 அன்று நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் ஆயிரமாயிரம் பெண்கள் நடந்தார்கள். அந்த அம்மா நடக்கவில்லை. சமையலறையில் நின்றபடி டிவியில் பார்த்தாராம். பக்கத்தில் நின்று ஒன்பது வயது மகளும் பார்த்தாராம். "அவ ரொம்ப நேரம் பாத்தா" என்று மட்டும் சொன்னார். அதைப் புத்தகத்தில் போட்டேன், மகளுக்கும் பிடித்திருந்தது.

அந்த மகள் தன் அம்மாவின் சலிப்பை மறைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தனக்கு வலிக்கிறது என்றார். இரண்டும் வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்த்திருந்தால், அம்மாவையும் மகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று நான் வெளியே வந்திருக்கலாம். அதைச் செய்யவில்லை. பயமா, நேரமில்லையா, அச்சுக்குக் கொடுக்க நான்கே நாள் இருந்ததா? மூன்றும்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். சில நாள் பயம் மட்டும்தான் என்று தோன்றும்.

"இடம் பத்தலை" என்றதற்குப் பதிலாக "உங்க மகள் எடுக்கச் சொன்னாங்க" என்று சொல்லியிருந்தால்? அது மகளைக் காட்டிக்கொடுப்பது. "நான்தான் மாத்தினேன்" என்று சொல்லியிருந்தால்? அது உண்மை. வாய்வரை வந்தது என்று சொன்னால் பொய், வரவே இல்லை.

அதற்கு அப்புறமும் ஒவ்வொரு புதன்கிழமையும் போனேன். சாப்பாடு, வெயில், கணக்குப் புதிர் எல்லாம் பேசினோம். அந்த வியாழக்கிழமையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. புத்தகம் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. பின்பக்க வெற்றுத் தாளில் ஒருநாள் பென்சிலில் ஏதோ எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஆசையோடு எடுத்துப் பார்த்தால், மருந்து நேரக் குறிப்பு.

அடுத்த வருடம் குளிர்காலத்தில் காலமாகிவிட்டார். அறையைக் காலி செய்ய மகள் வந்தார். அலமாரியை ஒழித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் புத்தகத்தை வைத்தார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"அம்மா பேசினதை எல்லாம் ரெக்கார்ட் பண்ணீங்களே, அது இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"அதுவுமா?"

"அதுவும் இருக்கு. நாற்பத்தொரு நிமிஷம்."

பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "நான் கேக்கறப்ப அனுப்புங்க" என்றார்.

இன்னும் கேட்கவில்லை. இரண்டு முறை போன் மாற்றிவிட்டேன். புது போன் வாங்கியதும் முதலில் அந்தப் பதிவு ஏறிவிட்டதா என்றுதான் பார்க்கிறேன்.