திங்கட்கிழமை பேன்ட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு

என் பீரோவில் இருப்பதிலேயே நன்றாகத் தைத்த துணிகள் எல்லாமே ஆபீஸ் துணிகள். அளவெடுத்து, இடுப்பைப் பிடித்து, உள்ளே லைனிங் வைத்து, நல்ல கூலி கொடுத்துத் தைத்தவை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவற்றை ஹேங்கரில் மாட்டிவிட்டு, சனி ஞாயிறில் தோளில் சரியாக உட்காராத ரெடிமேட் குர்தியோடு கடைவீதிக்குப் போவது எனக்கு ஒப்பவில்லை. அதனால் ஐப்பசி பிறந்து காற்று மாறியதும் ஆபீஸ் துணிகளை ஒவ்வொன்றாக ஜோடி பிரித்து மற்ற துணிகளோடு சேர்க்க ஆரம்பித்துவிடுவேன். கூட வேலை செய்யும் பெண்கள் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இந்தத் தடவை எழுதிவைக்கிறேன்.

நான் இருப்பது கிருஷ்ணகிரி பழையபேட்டையில். வேலை ஓசூர் சிப்காட்டில், ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். காலை பஸ்ஸில் சூளகிரி தாண்டும்போது ஒவ்வொருவராக ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கூதிர்காலம் என்று படித்த ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் இங்கே மழையும் குளிருமாகத்தான் போகும், பிறகு பனி. தமிழ்நாட்டில் பாதி ஊர்களில் கோட்டு என்பது ஏசி அறைக்குள் மட்டும் போடுகிற பொருள். எங்கள் பக்கம் அதைத் தெருவிலும் போடலாம், வியர்க்காது. இந்த நாலு மாதத்தை வீணாக்கக் கூடாது என்பது என் கட்சி.

நான் கடைப்பிடிப்பது ஒன்றே ஒன்றுதான். உடம்பில் விறைப்பான உருப்படி ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் இருக்க வேண்டும். கோட்டு விறைப்பு என்றால் உள்ளே போடுவது, கீழே போடுவது, காலணி எல்லாம் தளர்ந்ததாக இருக்கட்டும். பேன்ட் விறைப்பு என்றால் மேலே கைத்தறிப் பருத்தி. இரண்டும் விறைப்பாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங்குக்குப் போகிற தோற்றம் வந்துவிடும், அதைக் கலர் மாற்றியெல்லாம் சரிசெய்ய முடியாது.

அடுத்துப் பார்ப்பது மினுமினுப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் துணியைச் சாய்த்துப் பாருங்கள். வழுவழுவென்று பளபளத்தால் அது ஜீன்ஸோடும் கதரோடும் ஒட்டாது, ஜோடியாகத்தான் போட வேண்டும். மங்கலாக, விரலுக்குக் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் தைரியமாகப் பிரிக்கலாம். மெல்லிய கோடு போட்ட சூட்டையும் பிரிக்காதீர்கள். கீழ்ப்பாதியை எங்கேயோ விட்டுவிட்டு வந்த மாதிரி தெரியும். நேவி புளூ, சாம்பல், பழுப்பு மூன்றும் பிரிப்பதற்கென்றே பிறந்த நிறங்கள். என் நேவி கோட்டுக்குள் செண்டுமல்லி ஆரஞ்சு நிறத்தில் ஒரு பருத்திக் குர்தா போடுவேன். ராயக்கோட்டைப் பக்கம் பூ வயல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆரஞ்சு எப்படிப்பட்டது என்று தெரியும்.

பேன்ட்டிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் சுலபம். பெண்களுக்கு உடம்புக்குச் சரியான ஃபார்மல் பேன்ட் வேண்டுமென்றால் எங்கள் ஊரில் ஜென்ட்ஸ் டெய்லரிடம்தான் போக வேண்டும். லேடீஸ் டெய்லர்கள் பிளவுஸில் கெட்டிக்காரர்கள், பாக்கெட்டும் ஜிப்பும் வைத்த பேன்ட் என்றால் தயங்குவார்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய பேன்ட் ஒன்றை அளவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், இஞ்ச் டேப்பே தேவைப்படாது. ஆண்கள் பேன்ட் மாதிரி தைப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. பின்பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலத்துக்கு மேல் துணி விட்டுத் தைப்பார்கள். உடம்பு கூடினால் பிரித்துக்கொள்ளலாம், குறைந்தால் பிடித்துக்கொள்ளலாம். பெண்களுக்கான ரெடிமேட் பேன்ட்டில் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் அரை அங்குலம்கூட இருக்காது.

துணிக்கு நான் போவது பர்கூர். நெடுஞ்சாலையோரம் மொத்த வியாபாரக் கடைகள் வரிசையாக இருக்கும் ஊர், குட்டி சூரத் என்றே பெயர் வாங்கியது. 58 அங்குலப் பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில், ஒரு பேன்ட்டுக்கு 1.20 மீட்டர் என்பது கடைக்கணக்கு. நான் 1.30 கேட்பேன். அந்தக் கூடுதல் பத்து சென்டிமீட்டர் கீழ் மடிப்புக்குள் போய்விடும்.

அந்த மடிப்புதான் வார இறுதியில் உதவுகிறது. ஆபீஸுக்கு முழு நீளம், குதிகால் வைத்த செருப்பு. ஞாயிற்றுக்கிழமை அதே பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் ஒரு மடிப்பு மடித்துவிட்டு, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற குட்டைக் குர்தாவும் கோலாப்பூர் செருப்பும். சந்தைச் சேற்றிலும் பேன்ட் தப்பிக்கும். முன்பக்கக் கோடு விழாமல் தேய்க்கச் சொல்ல மறக்காதீர்கள். இஸ்திரிக்காரர் பழக்க தோஷத்தில் கத்தி மாதிரி கோடு போட்டுத் தருவார், அந்தக் கோடு இருக்கிறவரை அது ஆபீஸ் பேன்ட்தான். பாலியெஸ்டர் கலந்த துணியில் சூட்டில் விழுந்த கோடு லேசில் போகாது. ஈரத் துணியை மேலே போட்டு ஆவியில் அழுத்தி எடுக்க வேண்டும், ஒரே தடவையில் போகாவிட்டாலும் மங்கும்.

இனி கோட்டு. இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஆபீஸ் கோட்டின் விறைப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், முன்பக்கத் துணிக்கு உள்ளே ஒட்டியிருக்கும் ஃபியூசிங், தோளில் வைத்த பேட், முழு லைனிங். 1970களில் மிலானில் இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் ஜியார்ஜியோ அர்மானி இவற்றைக் குறைத்துத்தான் கோட்டை உடம்போடு தொங்கவிட்டார். ஆண்களும் பெண்களும் கோட்டைச் சட்டைபோல் இலகுவாகப் போட ஆரம்பித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இதைப் படித்த கையோடு என் நேவி கோட்டை எடுத்துக்கொண்டு டெய்லர் அண்ணனிடம் போனேன்.

“அண்ணா, இந்தத் தோள் பேடை எடுத்துடலாமா?”

“முழுசா எடுத்தா தோள் துணி தொங்கிடும்மா. பேடுக்குன்னு கணக்குப் பண்ணித்தான் வெட்டியிருப்பாங்க. மெல்லிசா வேற வெச்சுத் தர்றேன், போட்டுப் பாரு.”

அவர் சொன்னதுதான் சரி. மெல்லிய பேட் வைத்தபின் அந்தக் கோட்டின் குணமே மாறிவிட்டது. தோள் என் தோளாகத் தெரிகிறது, கையைத் தூக்கிப் பஸ் கம்பியைப் பிடிக்கும்போது காலர் காதுக்கு ஏறுவதில்லை. செலவும் ஒரு புதுக் குர்தி விலையில் சின்னப் பங்குதான். வேலை தெரிந்த டெய்லர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கோட்டு வாங்கியதும் செய்ய வேண்டிய இன்னொன்று: பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் இருக்கும், பாக்கெட் வாயும் தைத்து மூடியிருக்கும். இரண்டும் கடையில் மடங்காமல் இருப்பதற்காகப் போட்ட தற்காலிகத் தையல்கள். நிறைய பேர் வருஷக்கணக்கில் அப்படியே போட்டுக்கொண்டு திரிகிறார்கள். நுனிக் கத்தரியால் மெதுவாக அறுத்துவிடுங்கள். பாக்கெட்டில் கையை விட்டு நடக்க முடிந்தாலே கோட்டு பாதி சாதாரண உடுப்பாகிவிடும்.

ஜீன்ஸோடு போடுவதானால் அடர் நீலம், கிழிசல் இல்லாதது, உள்ளே வெறும் வட்டக் கழுத்து டி-ஷர்ட். சுடிதாரோடு போடுவதானால் குர்தா நேராக, பக்கவாட்டில் பிளவோடு இருக்க வேண்டும். குடை மாதிரி விரியும் அனார்கலிக்கு மேல் கோட்டு போட்டால் இடுப்பில் எல்லாம் குவியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது புடவை மேல் கோட்டு. தீபாவளிக்குத் துணி எடுக்க சாயங்காலம் ஓசூர் கடைவீதிக்குப் போகும்போது இப்படித்தான் போவேன். அதற்கு மதுரைச் சுங்குடி மாதிரி மெல்லிய பருத்திதான் பொருந்தும். முந்தானை மடிப்புகள் தோளில் தட்டையாகப் படுக்கும், அதன்மேல் கோட்டு உட்காரும். செட்டிநாட்டுக் கண்டாங்கி எனக்கு உயிர், ஆனால் அதன் கனம் தோளில் மேடாக நிற்கும், அதைத் தனியாகத்தான் கட்டுவேன். ஜரிகைப் பட்டு மேல் கோட்டு வேண்டவே வேண்டாம். பொத்தானும் சேஃப்டி பின்னும் உரசி ஜரிகை இழுபட்டால் திரும்ப வராது. பட்டன் போடாமல் திறந்தே விடுங்கள், கொசுவம் தெரிய வேண்டும்.

வெள்ளைச் சட்டைக்குப் பெரிய யோசனை வேண்டாம். பட்டனைத் திறந்து ஒரு ஸ்லீவ்லெஸ் குர்திமேல் ஜாக்கெட் போலப் போடலாம், நீளமான பருத்திப் பாவாடைக்குள் முன்பக்கம் மட்டும் செருகலாம். கையை மட்டும் ஒழுங்காக மடியுங்கள். கஃப் பட்டனைக் கழற்றி, ஒரே பெரிய மடிப்பாக முழங்கைக்கு மேல் கொண்டுபோய், பிறகு கீழ் ஓரத்தைத் திரும்ப ஒரு மடிப்பு. கஃபின் விளிம்பு மட்டும் மேலே தெரியட்டும். இப்படி மடித்தால் நாள் முழுக்க இறங்காது. காலணி விஷயத்தில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, மழை நாளில் ரப்பர் செருப்பு. அவ்வளவுதான்.

இந்த மாதங்களில் துணியைப் பாதுகாப்பதுதான் பாடு. நனைந்த கோட்டை அகலமான ஹேங்கரில் மாட்டி, காற்றாடிக்குக் கீழே காயவிடுங்கள். அடுப்புப் பக்கமோ இஸ்திரிச் சூட்டிலோ காயவைக்கக் கூடாது. ஃபியூசிங் என்பது பசையால் ஒட்டியது. அதிகச் சூடு பட்டாலும் வீட்டில் ஊறப்போட்டுத் துவைத்தாலும் பசை விட்டு, மார்புப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். எழும்பிய பிறகு யாராலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. போட்டுக் கழற்றியதும் பிரஷால் ஒரு தட்டு, எப்போதாவது டிரை வாஷ், அது போதும். பீரோவில் அந்துருண்டை வைப்பவர்கள் முந்தின ராத்திரியே துணியை வராந்தாவில் மாட்டிவிடுங்கள், அந்த வாசனையோடு கல்யாணத்துக்குப் போக வேண்டாம்.

ஆண்களுக்கு ஒன்று. எங்கள் மாவட்டத்தில் கல்யாணமான முக்கால்வாசி ஆண்களின் பீரோவில் ரிசப்ஷன் கோட்டு ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் தூங்குகிறது. என் தம்பியுடையதும் அப்படித்தான் கிடந்தது, அடர் சாம்பல், நல்லவேளையாக மினுமினுப்பு இல்லாத துணி. மூன்று பீஸில் அந்தக் கையில்லாத வெஸ்ட்கோட்டை மட்டும் எடுத்து, கதர்ச் சட்டைமேல் போட்டு, ஜீன்ஸோடு அவனைத் தருமபுரிக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்கு அனுப்பினேன். “நல்லாருக்குக்கா, குளிருக்கும் அடக்கமா இருக்கு” என்று போன் பண்ணிச் சொன்னான். அந்தப் பேன்ட்டை இப்போது அவன் சாதாரண நாளிலும் போடுகிறான், இடுப்பை மட்டும் பிரிக்க வேண்டியிருந்தது.

பிரிக்கவோ பிடிக்கவோ வேண்டிய வேலை உங்களுக்கும் இருந்தால் புரட்டாசி முடியும் முன்னே டெய்லரிடம் கொடுத்துவிடுங்கள். தீபாவளிப் புதுத்துணி குவிய ஆரம்பித்துவிட்டால் ஆல்டரேஷன் என்று யார் போய் நின்றாலும் “பண்டிகை முடியட்டும்மா” என்றுதான் சொல்வார்கள். தவறவிட்டவர்கள் தீபாவளி கழிந்து ஒரு வாரம் விட்டுப் போங்கள். அப்போது அவர்களுக்கும் நிதானமாக உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்கும், குளிரும் மிச்சம் இருக்கும்.