ஆயில் கசிவை நிறுத்தாமல் டைமிங் பெல்ட் மாற்றாதீர்கள்

டைமிங் பெல்ட் என்பது இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் இணைத்து ஓட்டும் ரப்பர் பெல்ட். ஆயில் பட்ட ரப்பர் ஊறி இளகும். அதனால் கசிவை அப்படியே விட்டுப் புது பெல்ட் போடுவது காசைக் கரியாக்குவதுதான். பெல்ட் கவரைக் கழற்றியதும் கேம் சீல், கிராங்க் முன் சீல் (ஷாஃப்ட் வெளிவரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையங்கள்) இரண்டையும் பாருங்கள். அடியில் ஈரம் என்றால் கிராங்க் சீல்தான் என்று முடிவு கட்டவேண்டாம். இன்ஜின் மேலே உள்ள வால்வ் கவர் கேஸ்கெட்டிலிருந்தும் வழிந்து வரும். துடைத்துவிட்டு, வண்டியை ஓட்டி, மேலிருந்து கீழாக டார்ச் அடித்துப் பாருங்கள்.

பழைய சீலை நெம்பும்போது ஷாஃப்டில் கீறல் விழுந்தால் புது சீலும் ஒழுகும். புது சீலின் உதட்டில் (ஷாஃப்டைத் தொடும் உள்விளிம்பில்) ஆயில் தடவி, கோணாமல் நேராக இறக்குங்கள். பிசிவி வால்வ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுவது) அடைத்திருந்தால் உள்அழுத்தம் ஏறி மறுபடி கசியும். பலர் இதைத் தொடுவதே இல்லை.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள். பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் என்றால் அதையும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் எது வாங்கினாலும் பெல்ட் மட்டும் பழசு வேண்டாம். கேம், கிராங்க் புல்லிகளில் உள்ள டைமிங் குறிகளைப் பொருத்தி மாட்டியபின், ஸ்பேனரால் கிராங்கை அது ஓடும் திசையிலேயே 2 முழுச் சுற்று சுற்றி, குறிகளை மறுபடி பாருங்கள். இடித்து நின்றால் பலம் போடாதீர்கள், வால்வ் வளைந்துவிடும். சாவியைப் போடுவது அதற்குப் பிறகுதான்.