ஆறாவதாக வந்த இளசுகள் கப் அடிப்பார்களா?

2022 முதல் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் பிளே ஆஃபுக்கு 12 அணிகள், உள்ளே இருக்கிற இரண்டு லீகிலும் லீகுக்கு ஆறு. முதல் இரண்டு இடத்துக்காரர்கள் நேரே இரண்டாம் சுற்றுக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் 3-க்கு 6, 4-க்கு 5 என்று மூன்று ஆட்டத் தொடரில் மோத வேண்டும். மூன்றும் மேலிடத்துக்காரர் மைதானத்தில்தான். பள்ளத்தூர்ப் பையன்கள் மூன்று நாளும் காரைக்குடிக்கே வந்து ஆடுகிற மாதிரி. அப்புறம் ஐந்து ஆட்டம், பிறகு ஏழு, கடைசியில் உலகத் தொடர், அதுவும் ஏழு. ஐ.பி.எல். போல முதல் இரண்டு இடத்துக்கு இன்னொரு வாய்ப்பெல்லாம் இங்கே கிடையாது.

ஒரு இளம் அணிக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் வெற்றி வாய்ப்பு 45 சதவீதம் என்று வையுங்கள். மூன்று ஆட்டத் தொடரை வெல்ல 42.5, ஐந்துக்கு 40.7, ஏழுக்கு 39.2. தனித்தனியாகப் பார்த்தால் பயமில்லை. நான்கு சுற்றையும் பெருக்கினால் 2.7 சதவீதம்தான் மிஞ்சும். 55 சதவீத அணி முதல் சுற்றைத் தாண்டிக் குதித்தால் ஏறக்குறைய 22. 2023-இல் 101 ஆட்டம் வென்ற பால்டிமோர் ஓய்வெடுத்துவிட்டு வந்து 0-3 என்று தோற்றது உண்மை. அதற்காக ஓய்வே கெடுதல் என்பது வெறும் டீக்கடைப் பேச்சு. அதே ஆண்டு 84 வெற்றியோடு ஆறாவதாக நுழைந்த அரிசோனா, புதுமுகம் கார்பின் கேரலை வைத்துக்கொண்டு உலகத் தொடர் வரை போனது. அங்கே டெக்சஸிடம் 1-4.

இளசுகள் சறுக்குவது பெரும்பாலும் பிட்சிங்கில், அதாவது பந்துவீச்சில். நம்மூர் டென்னிஸ் பால் டோர்னமென்டில் ஒரே பவுலர் ஒரே நாளில் நாலு மேட்ச் போடுவான். இங்கே ஆட்டத்தைத் தொடங்கி 90, 100 பந்து வீசிய ஸ்டார்ட்டருக்கு வழக்கமாக நாலு நாள் ஓய்வு வேண்டும். முதல் தொடரை இரண்டு நல்ல ஸ்டார்ட்டர்களை வைத்து ஒப்பேற்றலாம். ஆனால் அடுத்த தொடரின் முதல் ஆட்டத்துக்கு மூன்றாமவனோ நாலாமவனோதான் கையில் இருப்பான். போன வருஷம் 100 இன்னிங்ஸ் (ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது) வீசியவன் இந்த வருஷம் 170 தொட்டிருந்தால், அக்டோபரில் முதலில் வேகம் குறையும், பிறகு குறி தவறும். நாலு தப்புப் பந்துக்கு பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடப்பான்.

புல்பென், அதாவது ஸ்டார்ட்டருக்குப் பிறகு வந்து வீசுகிறவர்கள், பலமாக இருந்தால் இதைச் சமாளிக்கலாம். 2022-இல் மேஜர் லீகிலேயே இளைய அணி கிளீவ்லாந்து. டாம்பா பே அணியோடு இரண்டாவது ஆட்டம் 15 இன்னிங்ஸ் இழுத்தது. சமநிலையில் நீளும் எக்ஸ்ட்ரா இன்னிங்ஸுக்கு, சீசன் ஆட்டங்களைப் போல இரண்டாம் பேஸில் இலவச ஆள் நிறுத்துவது பிளே ஆஃபில் இல்லை. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ரன்னே இல்லாமல் போய், ஆஸ்கர் கொன்சாலஸ் அடித்த ஒற்றை ஹோம் ரன்னில் 1-0. அடுத்த தொடரில் யாங்கீஸிடம் ஐந்தாவது ஆட்டம் வரை தாக்குப்பிடித்தார்கள்.

அங்கே கிழக்குக் கரையில் இரவு எட்டு மணி ஆட்டம் நமக்கு மறுநாள் காலை ஐந்தரை. ஸ்கோரை விட பந்து எண்ணிக்கையைப் பாருங்கள். மூன்றாவது இன்னிங்ஸ் முடியும்போதே இளம் ஸ்டார்ட்டர் 60 பந்தைத் தாண்டிவிட்டால், ஐந்தாவதிலேயே புல்பென் கதவு திறக்கும்.