கியூர்பிப் மழையில் ஒரு மகிழுந்து

"தம்பி, எங்கள் மகிழுந்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார் ரோஸ் ஹில் அண்ணா.

காரை வாய்விட்டு மகிழுந்து என்று சொல்லும் மனிதரைக் கோயமுத்தூரில் நான் பார்த்ததில்லை. மொரீசியஸில், ரோஸ் ஹில் என்ற ஊரில் பார்த்தேன். அண்ணா தமிழாசிரியர். வீட்டில் பேசுவது க்ரியோல். தமிழைப் பள்ளிக்கூடத்தில் ஏடு எடுத்துப் படித்துப் பிடித்தவர். அதனால் அவர் பேச்சில் பேருந்து உண்டு, மிதிவண்டி உண்டு, பஸ்ஸும் சைக்கிளும் கிடையாது. நான் 'பஸ் ஸ்டாண்டு' என்று சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஷெட்டுக்குள் போய்த் தார்ப்பாயை உருவினார். இரண்டு கதவு, வட்ட விளக்கு, குரோம் பூசிய வாய், வெள்ளைக் கூரை, வெளிர்நீலமும் பச்சையும் கலந்த உடம்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் கதாநாயகி பிக்னிக் போகும் கார் மாதிரி இருந்தது.

"எந்த வருஷம் அண்ணா? 55? 56?"

"1991."

நிஸான் ஃபிகாரோ. பிறந்த அன்றே பழசாகப் பிறந்த கார். 1989 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் காட்டினார்கள், 1991இல் விற்றார்கள், அதோடு சரி. முதலில் 8,000 வண்டிதான் செய்வதாக இருந்தது. கேட்டவர் கூட்டம் தாங்காமல் 20,000 ஆக்கி, யாருக்குக் கொடுப்பது என்று குலுக்கல் போட்டார்கள். நிறமும் நாலே நாலு, ஜப்பானின் நாலு பருவத்துக்கு ஒன்றாக. அண்ணாவுடையது கோடைக்கானது. "கியூர்பிப்பில் இருப்பவர்களுக்கு இரண்டே பருவம் தம்பி. மழைக்காலம் ஒன்று, மழை வரும் காலம் ஒன்று," என்றார். கியூர்பிப் அங்கே மேட்டில் இருக்கும் ஊர். அவர் சொன்னது பிற்பாடு புரிந்தது.

என் அப்பா டிங்கரிங் பட்டறை வைத்திருந்தவர். கார் எதைப் பார்த்தாலும் எனக்கு விரல் முட்டியால் தட்டிப் பார்க்கத் தோன்றும். கதவைத் தட்டினேன், டங் என்றது. முன் மட்கார்டைத் தட்டினேன், டொக். மறுபடி தட்டினேன். டொக். பிளாஸ்டிக்! விளக்கைச் சுற்றி உருண்டு இறங்கும் அந்த வளைவு முழுக்கப் பிளாஸ்டிக். கொஞ்ச வண்டிக்காக இத்தனை வளைவை இரும்புத் தகட்டில் அடிக்க அச்சு செய்தால் கட்டுப்படியாகாது என்பது என் கணக்கு. இந்த ஊருக்கு அது நல்லதாகவும் போயிற்று. உப்புக்காற்றில் பின்சக்கர வளைவு இரண்டு தடவை துருப்பிடித்து வெட்டி ஒட்டியாகிவிட்டதாம். முன் மட்கார்டு மட்டும் அன்று வந்த மாதிரியே இருக்கிறது.

பானட்டைத் திறந்ததும் வேஷம் கலைந்தது. உள்ளே இருப்பது நிஸான் மைக்ரா. 2010இல் நம் ஒரகடத்தில் தயாரிக்க ஆரம்பித்தார்களே, அந்த மைக்ராவுக்குக் கொள்ளுத்தாத்தா. 987 சிசி எஞ்சின், முன்சக்கர இழுவை, மூன்றே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். கூடுதலாக, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஒரு டர்போ வைத்து 76 குதிரைத்திறன் ஆக்கியிருக்கிறார்கள். ஏமாற்று வேலை என்று முதலில் தோன்றியது, மறைக்கவில்லை. அண்ணாவோ அதைத்தான் கொண்டாடினார். எஞ்சின் பாகம் எப்போது வேண்டுமானாலும் ஏதாவதொரு பழைய மைக்ராவிலிருந்து கிடைத்துவிடுகிறதாம். முகத்தில் இருக்கும் குரோம் வளையம் ஒன்று உடைந்தால்தான் மாதக்கணக்கில் அலைய வேண்டும். மேக்கப் சாமான் கிடைக்காது, எலும்பு கிடைக்கும். யோசித்தால் நிஜமான 1955 காருக்கு இரண்டுமே கிடைக்காது.

அன்று மத்தியானம் கியூர்பிப்பில் அக்கா வீட்டில் பூஜை. வாழையிலையில் ஏழு கறி போடும் விருந்து. இவர்கள் 'செத் காரி' என்கிறார்கள். இலை கொண்டு போவது எங்கள் பொறுப்பு. பின்சீட்டு என்று ஒன்று இருக்கிறதே, அதில் ஆள் உட்கார முடியாது. இலைக்கட்டு உட்கார்ந்தது.

கூரையைத் திறந்தார். கண்ணாடிக்கு மேலே இரண்டு கொக்கி. எடுத்துவிட்டுத் துணிக்கூரையைப் பின்னால் தள்ளினால், பின்கண்ணாடியோடு சேர்ந்து மடிந்து முதுகுப்பக்கத்து மூடிக்குள் போய்விடுகிறது. ஆனால் கதவுக்கு மேலே இருக்கும் இரண்டு பக்கச் சட்டமும் அப்படியே நிற்கும். முழுக்கத் திறந்த வண்டி இல்லையே என்று குறை சொன்னேன். அண்ணா ஒரு செருப்பு டப்பாவை எடுத்தார். மூடியைக் கழற்றிவிட்டு டப்பாவை முறுக்கினார்; வாய் கோணிக்கொண்டது. கூரையை ஒட்ட வெட்டினால் காரும் அப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். அடியில் இரும்பைச் சேர்த்து இறுக்க வேண்டும், எடை ஏறும். சட்டத்தை விட்டுவைத்ததால் வண்டி 810 கிலோவோடு நிற்கிறது. இலக்கண வகுப்பும் இப்படித்தான் எடுப்பார் போல.

கத்ர் போர்ன் வழியாகப் போனோம். கோர் தெ கார்த் மலையடிவாரத்து முருகனைத் தூரத்திலிருந்தே கும்பிட்டாயிற்று. பெட்ரோல் போட்டேன், தமிழ் எழுத்து அச்சடித்த மொரீசியஸ் ரூபாய் நோட்டை அயல்நாட்டு பங்க்கில் நீட்டுவதில் ஒரு அல்ப சந்தோஷம் இருக்கத்தான் செய்தது. அப்புறம் மேடு. மிதித்ததும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மூச்சு விட்டு, உய்ங்ங் என்று டர்போ விழித்துக்கொண்டது, வண்டி விசுக்கென்று முன்னால் போயிற்று. மூன்று கியர் போதாதுதான். இரண்டிலேயே கத்திக்கொண்டு ஏறியது. பார்க்க வால்வு ரேடியோ போலிருந்த பெட்டிக்குள் ஒரு சி.டி.யைச் செருகினார் அண்ணா. கந்தர் சஷ்டி கவசம்.

ஃபீனிக்ஸ் தாண்டியதும் வாசனை மாறியது. "தம்பி, மழை," என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது.

ஓரம் கட்டினோம். மூடியைத் தூக்கு, கூரையை இழு, மூடியை அமுக்கு, கொக்கியை மாட்டு. அவர் பக்கம் கொக்கி ஒரே தட்டில் விழுந்தது. என் பக்கம் விழவில்லை. பட்டறைக்காரன் மகன் என்று காலையில் பீற்றிக்கொண்டவன், மழையில் நின்று ஒரு கொக்கியோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் அவரே சுற்றிவந்து, துணியை ஒரு விரல் அளவு உள்ளே இழுத்துவிட்டு மாட்டினார். அதற்குள் வெள்ளைத் தோல் சீட்டில் தண்ணீர் குளம் கட்டியிருந்தது.

அக்கா வாசலுக்கு வந்து, சொட்டும் இலைக்கட்டை வாங்கிக்கொண்டு க்ரியோலில் ஏதோ சொன்னார். இலையைக் கழுவும் வேலை மிச்சமாம். அப்புறம் உள்ளே போய் ஒரே ஒரு துண்டு கொண்டு வந்தார். தலை துவட்டிக்கொள்ள நான் கை நீட்டினேன். அண்ணா அதை வாங்கிக்கொண்டு சீட்டைத் துடைக்கப் போனார்.