வாதக் கட்டுரைப் பாடமா? 'முடியாது' என்பவரிலிருந்து தொடங்குங்கள்

பி.எட். ரிசல்ட் வந்துவிட்டது. தமிழ் கற்பித்தல் பிராக்டிகலில் எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண். அடுத்த பேட்ச் ஆட்களுக்காகச் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். ஏற்காட்டில் எட்டாம் வகுப்பு, படிப்பவரைச் சம்மதிக்கவைக்கும் எழுத்து, இதுதான் நான் எடுத்த பாடம். ரெக்கார்டு, மைக்ரோ டீச்சிங் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வழக்கமான லெசன் பிளான் கருத்து, காரணம், ஆதாரம், எதிர்வாதம், மறுப்பு, வேண்டுகோள் என்று வரிசையாகப் போகும். அப்படி நடத்தினால் மணி அடிப்பதற்குள் ஆதாரத்தைத் தாண்ட மாட்டீர்கள், எதிர்வாதம் வீட்டுப்பாடமாகிவிடும், வீட்டில் அதை யாரும் எழுதப் போவதில்லை. நான் எதிர்வாதத்திலேயே தொடங்கினேன். மதிப்பெண் வந்தது அதனால்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

உங்களுக்கு என்ன வேண்டும், யாரிடம் கேட்கணும் என்றேன். நாகலூர், செம்மநத்தம் பக்கம் போகிற பிள்ளைகள் ஒரே குரலில் பஸ் என்றார்கள். பள்ளி விட்டு ஓடி வருவதற்குள் சாயங்கால வண்டி கிளம்பிவிடுகிறதாம். சரி, வண்டியைக் கொஞ்சம் தாமதமாக எடுக்கச் சொல்லி டெப்போ மேலாளருக்குக் கடிதம். ஆனால் முதலில் நீங்களே மேலாளராக இருந்து, முடியாது என்று எழுதுங்கள், ஏன் முடியாது என்றும் எழுதுங்கள் என்றேன். வகுப்பு கொஞ்ச நேரம் விழித்தது. அப்புறம் கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுதினாள்: "அந்த வண்டி திரும்பி வந்து சேலத்துக்கு இறங்கணும். லேட்டானால் பனி மூடிரும், இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கு." அதற்குக் கீழேயே பதிலும் எழுதினாள்: "அரை மணி நேரம் வேண்டாம் ஐயா, பத்து நிமிடம் போதும். நாங்கள் ஓடி வந்து ஏறிவிடுவோம்."

கேட்பதையே குறைத்துவிட்டாள் பாருங்கள்! மேலாளரின் பயம் என்னவென்று முதலில் யோசித்ததால்தான் அந்த வரி வந்தது. ஆதாரத்தையும் யாரும் சொல்லாமலே தேடிக்கொண்டாள், அந்த வண்டியில் போகிறவர்கள் கை தூக்குங்கள் என்று எண்ணிக் குறித்துக்கொண்டாள்.

இதற்குத் தமிழில் இலக்கணம் உண்டா என்று எக்ஸ்டர்னல், அதாவது மதிப்பெண் போட வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கேட்டார். நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில், அதாவது நூலாசிரியர் கருத்துகளைக் கையாளும் ஏழு வழிகளில், மூன்றாவது, பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல் என்றேன். அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு நீக்குவது. நன்னூலின் முன்னுரையான பாயிரத்தில் எல்லோரும் படித்ததுதான், வகுப்பறைக்குத்தான் யாரும் கொண்டுபோவதில்லை. தயவுசெய்து கொண்டுபோங்கள்.

மற்றவை:

- 'மரம் வளர்ப்போம்' மாதிரித் தலைப்பு வேண்டாம். அதற்கு முடியாது என்று சொல்ல ஆளே இல்லை.
- 'எல்லோரும்', 'எப்போதும்' வந்தால் வட்டமிடுங்கள். எத்தனை பேர், எந்தக் கிழமை என்று கேளுங்கள்.
- சம்மதிக்கவைக்க அரிஸ்டாட்டில் சொன்ன மூன்று வழிகளின் பெயர்கள், ஈதோஸ், பேதோஸ், லோகோஸ், சார்ட்டில் வேண்டாம். சொல்பவரை நம்பலாமா, மனதில் படுகிறதா, காரணம் நிற்கிறதா, இந்த மூன்று கேள்வி எட்டாம் வகுப்புக்குப் போதும்.
- வேண்டுகோள் ஒன்றே ஒன்று. பஸ்ஸோடு நிழற்குடையும் கேட்டால் இரண்டும் கிடைக்காது.

பட்டிமன்றம் வை, வகுப்பு கலகலப்பாக இருக்கும் என்று கைடு டீச்சர் சொன்னார். நான் வைக்கவில்லை. சத்தமாகப் பேசுகிற நாலு பேர் ஜெயிப்பார்கள், மற்றவர்கள் கை தட்டுவார்கள், அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் வாயே திறந்திருக்க மாட்டாள். நானும் பேசத் தயங்குகிற ரகம்தான், அதனால் இதில் எனக்குப் பிடிவாதம் அதிகம். உங்களுக்குப் பட்டிமன்றம் நன்றாக வரும் என்றால் வையுங்கள், ஆனால் எல்லோரும் எழுதி முடித்த பிறகு.

நேரத்தில் பாதியை எதிர்வாதத்துக்கே ஒதுக்குங்கள். முன்னுரை கடைசியில்தான் எழுதப்படும் என்று லெசன் பிளானிலேயே காரணத்தோடு குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் முன்னுரை எங்கே என்றுதான் முதல் கேள்வி வரும்.