வினோனா சிறையில் ஒரு பாட்டு

ஃபேனி லூ ஹேமர், கறுப்பர்களின் ஓட்டுரிமைக்காகப் போராடியவர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி பறித்துப் பிழைத்த குடும்பம், 20 பிள்ளைகளில் கடைக்குட்டி. கறுப்பர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்பதே 1962-இல் சர்ச்சில் நடந்த கூட்டத்தில்தான் அவருக்குத் தெரிய வந்தது, அப்போது வயது 44! பதிவு செய்யப் போனார், அன்றைக்கே 18 வருடம் உழைத்த தோட்டத்தை விட்டு வெளியேற்றினார்கள். பதிவுக்குப் போய்த் திரும்பும் வழியில் பஸ்ஸில் எல்லோரும் பயந்து போயிருந்தபோது பாட ஆரம்பித்தது அவர்தான், அதுவும் சர்ச் பாட்டு. அடுத்த வருடம் ஓட்டுரிமைப் பயிற்சிக்குப் போய்த் திரும்பும்போது கைதானார், மிசிசிப்பியின் வினோனா ஊர்ச் சிறையில், வேறு கறுப்பினக் கைதிகளை மிரட்டி அவர்கள் கையாலேயே போலீஸ் அவரை அடிக்க வைத்தது, சிறுநீரகம் சேதமானது, அந்தக் கொட்டடிக்குள்ளும் பாடினார். பக்தி என்றால் பொறுத்துப் போவது என்று யாராவது சொன்னால் எனக்கு இவர் முகம்தான் ஞாபகம் வருகிறது. அப்புறம் 1964-இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் டிவி கேமராக்கள் முன்னால் உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, இதுதான் அமெரிக்காவா என்று கேட்டார்.