நுரையீரல் கட்டிக்கு மைக்ரோவேவ்: எரிப்பது எளிது, அளப்பதுதான் பாடு

முற்றிய நுரையீரல் புற்றுநோயில் மைக்ரோவேவ் அப்லேஷன், அதாவது கட்டிக்குள் ஊசி நுழைத்து மைக்ரோவேவ் சூட்டால் எரிப்பது, செய்யலாம் என்றதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ கீமோ வேண்டாமா?" என்பதுதான். வேண்டும். மருந்து உடம்பு முழுக்கப் போகிறது. சூடோ ஊசி முனையைச் சுற்றி சில சென்டிமீட்டர் மட்டுமே. இரண்டையும் சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா என்று சீனாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து சோதித்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். அதுவரை சிகிச்சையே எடுக்காத 293 பேர். ஒரு குழுவுக்குக் கீமோ மட்டும், மற்றதற்கு மைக்ரோவேவும் கீமோவும். நோய் வளராமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு முதல் குழுவில் 4.9 மாதம், இரண்டாவதில் 10.3 மாதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் ஒப்பிட்டது கீமோவோடு மட்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபியும் சேர்த்துக் கொடுக்கும் இடத்தில் இதே எண்களை எதிர்பார்க்கக் கூடாது.

ஆள் தேர்வில் முதலில் பார்ப்பது கட்டியின் அளவு. 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஒரே ஊசியில் வேலை முடிய வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் போனால் ஊசியை இடம் மாற்றி மாற்றிச் சுட வேண்டும். அடுத்தது இடம். 3 மில்லிமீட்டருக்கு மேல் பருத்த ரத்தக்குழாய் கட்டியை ஒட்டி ஓடினால், ஓடும் தண்ணீரில் வைத்த சூட்டுக்கோல் மாதிரி அந்தப் பக்கம் மட்டும் சூடு ஏறாது. நோய் திரும்பவும் தலைதூக்குவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 50,000-க்கு மேல், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் 1.5-க்குள் இருக்க வேண்டும். ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரை சாப்பிடுபவர், இதய மருத்துவரைக் கேட்டுவிட்டு ஐந்து நாள் முன்பே நிறுத்துவது வழக்கம்.

சிடி மேசையில் படுத்ததும் மூச்சுப் பழக்கம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரே அளவு மூச்சில் நிறுத்தச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை ஆழமாக இழுத்து, அடுத்த தடவை பாதியில் நிறுத்தினால் கட்டி இடம் மாறிவிடும். மரத்துப்போகும் மருந்து தோலோடு நின்றால் போதாது, நுரையீரல் உறை வரை இறங்க வேண்டும். வலி அங்கேதான். ஆன்டெனா என்கிற அந்த ஊசி உள்ளே போவதற்கு முன் அதைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பை ஓடவிட்டுப் பாருங்கள். குழாய் மடங்கியிருந்தாலோ தண்ணீர் சுற்றாவிட்டாலோ ஊசியின் தண்டு சூடேறி, நுழைந்த இடத்தில் தோல் வெந்துபோகும்.

ஊசி முனை கட்டியின் நடுவில் நிற்காமல் மறுபுறம் சற்றுத் தாண்டி நிற்க வேண்டும். பிறகு கட்டியின் அளவைப் பொறுத்து 45 முதல் 65 வாட், சில நிமிடம். 60 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே செல் செத்துவிடும். கட்டியைச் சுற்றியுள்ள காற்று மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாததால் ஊசி வழியே மின்சாரம் செலுத்திச் சுடும் ரேடியோ அலை முறைக்கு இங்கே சிரமம் உண்டு. மைக்ரோவேவுக்கு அந்தத் தொல்லை குறைவு. நடுவில் நோயாளி இருமினால் சூடு மூச்சுக்குழாயை நெருங்குகிறது என்று பொருள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தால், அதாவது நியூமோதோராக்ஸ் வந்தால், கட்டி ஊசியிலிருந்து விலகிப் போகும். மெல்லிய குழாய் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஊசி நிற்கும் இடத்தை மறுபடி ஸ்கேனில் பார்த்த பிறகே சூட்டைத் தொடர வேண்டும்.

முடிந்ததும் எடுக்கும் சிடியில் கட்டியைச் சுற்றிப் புகைமூட்டம் போன்ற வளையம் தெரியும். அது எல்லாப் பக்கமும் கட்டியைத் தாண்டிக் குறைந்தது 5 மில்லிமீட்டர், முடிந்தால் 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வளையத்தின் வெளி ஓரம் வெறும் வீக்கமாகவும் இருக்கலாம். அங்கே திசு முழுதாகச் செத்திருக்காது. அதனால் வெளி ஓரம் வரை அளந்து திருப்திப்படக் கூடாது. ஒரு பக்கம் வளையம் மெலிந்திருந்தால் அன்றே, அங்கேயே இன்னொரு தரம் சுடுவது நல்லது.

அன்று மாலை மார்பு எக்ஸ்ரே. லேசான காய்ச்சலும் அசதியும் சில நாள் இருக்கும். காய்ச்சல் ஒரு வாரம் தாண்டியும் ஏறினால், சளி நாற்றமடித்தால், சீழ்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகும் காற்று கசியலாம். திடீர் மூச்சுத்திணறல் என்றால் காத்திருக்கக் கூடாது.

மிகப் பெரிய குழப்பம் ஒரு மாதம் கழித்து. 2 சென்டிமீட்டர் கட்டி இருந்த இடத்தில் இப்போது 4 சென்டிமீட்டர் நிழல். வெந்த திசுவும் சுற்றிய வீக்கமும் சேர்ந்த அளவு அது. விஷயம் தெரியாமல் ஸ்கேனைப் படிப்பவர் 'நோய் வளர்ந்துள்ளது' என்று எழுதிவிடுவார். கட்டி 20 சதவீதம் பெருத்தாலே வளர்ச்சி என்று கணக்கிடும் ஆய்வு விதியை அப்படியே பின்பற்றினால், குணம் தெரிந்தவரே ஆய்விலிருந்து வெளியேற வேண்டியிருக்கும். அதனால் சிகிச்சைக்கு முந்தைய படத்தை விட்டுவிட்டு, ஒரு மாதப் படத்தையே அடிப்படையாக வைத்து அளக்கிறார்கள். பிறகு நிழல் மெதுவாகச் சுருங்க வேண்டும். சுறுசுறுப்பான செல்களை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனை மூன்று மாதம் ஆவதற்கு முன்பே எடுத்தால் புண் ஆறும் அழற்சியும் புற்றுநோய் போலவே ஒளிரும். சுருங்கிக்கொண்டிருந்த நிழல் மறுபடி பெருத்தாலோ, ஓரத்தில் முடிச்சு போல ஓர் இடம் கான்ட்ராஸ்ட் மருந்தை உறிஞ்சிப் பளிச்சென்று தெரிந்தாலோதான் சந்தேகப்பட வேண்டும். அந்த ஓரத்தை மறுபடி சுடலாம், கதிர்வீச்சும் கொடுக்கலாம்.

வேறு ஊரில் ஸ்கேன் எடுப்பவர்கள் பழைய சிடியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஸ்கேன் சீட்டில் மைக்ரோவேவ் செய்த தேதி, எந்த நுரையீரலின் எந்த மடல் (பகுதி), முன்பிருந்த அளவு ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.